நிஜம்போல் விழும் டம்ளர்: அனிமேஷனில் இயல்புத்தன்மை கொண்டுவர ஒரு முழுமையான வழிகாட்டி

நின்ற இடத்தில் அச்சு அசலாகத் தெரியும் பொருள், அசையத் தொடங்கியதும் பொம்மையாகிவிடுகிறது. புதிதாக முப்பரிமாண அனிமேஷன் கற்பவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் சிக்கல் இதுதான். பெரும்பாலும் அவர்கள் டெக்ஸ்சரில் (மேற்பரப்பின் தோற்றத்தில்) தொடங்கி, கடைசியில் அசைவுக்கு வருகிறார்கள். வேலையின் வரிசையை மாற்றினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

இங்கே ஒரே ஒரு ஷாட்டை முழுதாகச் செய்யப்போகிறோம். ஒரு ஸ்டீல் டம்ளர் மேசைமேல் உருண்டு, விளிம்பைத் தாண்டி, 75 செ.மீ. கீழே தரையில் விழுந்து, துள்ளி, உருண்டு நிற்கிறது. மொத்தம் 4 வினாடி. வினாடிக்கு 24 ஃபிரேம் என்றால் 96 ஃபிரேம். மனித முகம், துணி, தண்ணீர் எதுவும் வேண்டாம். எடை, மோதல், ஒளி, உலோகம் ஆகிய நான்கையும் இந்த ஒரு ஷாட்டிலேயே கற்றுக்கொள்ளலாம்.

மென்பொருள் பிளெண்டர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மாயா, ஹுடினி போன்றவற்றில் பொத்தான்களின் பெயர் மாறும், வரிசை மாறாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பிளெண்டர் 4.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு, ஓர் அளவுகோல், ஸ்லோ மோஷன் எடுக்கும் ஃபோன், ஒரு நிஜ டம்ளர். கடைசி இரண்டும் இல்லாமல் தொடங்காதீர்கள். மனதில் இருக்கும் "விழுதல்" வேறு, கண்முன் நடக்கும் விழுதல் வேறு. மனது எப்போதும் அதை மெதுவாகவும் அழகாகவும்தான் நினைவு வைத்திருக்கும்.

ஃபோனை ஒரு ஸ்டாண்டில் பக்கவாட்டில் நிறுத்துங்கள். அளவுகோல் ஃபிரேமுக்குள் தெரியட்டும். டம்ளரைத் தள்ளிவிட்டு, அதே காட்சியைச் சாதாரண வேகத்தில் ஒரு முறையும் வினாடிக்கு 240 ஃபிரேமில் சில முறையும் எடுங்கள். 240-இல் எடுத்த 10 ஃபிரேம்கள் சேர்ந்தால் உங்கள் அனிமேஷனின் 1 ஃபிரேம். மோதும் கணத்தில் டம்ளர் எந்தக் கோணத்தில் இருந்தது, அதற்குப் பின் சுழற்சி எந்தப் பக்கம் மாறியது என்பதெல்லாம் இதில்தான் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. பல ஃபோன்கள் ஃபிரேம் வேகத்தைச் சீராக வைப்பதில்லை, இடையில் ஏற்றி இறக்கும். அந்த வீடியோவை அப்படியே பிளெண்டருக்குள் கொண்டுவந்தால் நேரக்கணக்கு மெல்ல மெல்ல விலகும். ஏதாவது ஒரு வீடியோ கருவியில் நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

2. அளவை முதலில் பூட்டுங்கள்

டம்ளரை அளந்து, அதே அளவில் செய்யுங்கள். உயரம் 10 செ.மீ., வாய் அகலம் 7 செ.மீ. என்றால் பிளெண்டரிலும் 0.1 மீட்டர், 0.07 மீட்டர். மேசையும் தரையும் அப்படியே.

பிளெண்டரில் புதிதாகச் சேர்க்கும் சிலிண்டர் 2 மீட்டர் உயரத்தில் வரும். "பார்க்க ஒன்றுபோலத்தானே இருக்கிறது" என்று அதையே டம்ளராக்கி, மேசையையும் அதற்கேற்பப் பெரிதாக்கிவிடுவார்கள். இப்போது 75 செ.மீ. வீழ்ச்சி 15 மீட்டர் வீழ்ச்சியாகிவிட்டது. ஈர்ப்பு விசை மாறவில்லை. 0.39 வினாடியில் தரையைத் தொட வேண்டிய டம்ளர் 1.75 வினாடி எடுத்துக்கொள்ளும். திரையில் பார்த்தால் ஏதோ கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு பீப்பாய் விழுவதுபோல் இருக்கும். கேமராவின் குவிய ஆழமும் (எவ்வளவு தூரம்வரை காட்சி தெளிவாகத் தெரியும் என்பது) விளக்கின் ஒளி மங்கும் தூரமும்கூட இதே அளவைத்தான் நம்பியிருக்கின்றன.

அளவு சரியானதும் பொருளைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் ஏ அழுத்தி ஸ்கேலை அப்ளை செய்யுங்கள். இதை விட்டுவிட்டால் பெவல் (ஓரத்தை வளைத்துவிடும் வசதி) ஒருபக்கம் தடித்தும் ஒருபக்கம் மெலிந்தும் வரும், மோதல் கணக்கும் தவறும்.

3. மாடல்: சுவரும் விளிம்பும்

டம்ளருக்குத் தடிமன் கொடுங்கள், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தாலும் சரி. வாயின் விளிம்பை வெளிப்பக்கமாகச் சுருட்டிவிடுங்கள். அடிப்பாக ஓரத்தை வளைத்துவிடுங்கள். மேசைக்கும் அதே கவனம் வேண்டும். கத்திபோல் கூரான மூலை நிஜ உலகில் கிடையாது. எந்த ஓரமும் சிறிதளவாவது உருண்டிருக்கும், அந்த வளைவில்தான் ஒளி ஒரு மெல்லிய கோடாகப் பிடிக்கும். அந்தக் கோடு இல்லாத படத்தைக் கண் உடனே சந்தேகிக்கும்.

இரண்டு மூன்று மிகச் சிறிய நெளிவுகளும் சேர்க்கலாம். நெளிவே இல்லாத உலோகத்தில் பிரதிபலிப்பு கணக்குப்போட்டதுபோல் வழுக்கிக்கொண்டு போகும்.

4. கேமராவை நிறுத்திவிட்டு மறந்துவிடுங்கள்

அசைவுக்கு முன்பே கேமராவை முடிவு செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எந்தப் பக்கம் தெரியப்போகிறது என்று தெரிந்தால்தான் எந்தப் பிழை முக்கியம் என்று தெரியும். தெரியாத பக்கத்துக்கு ஒரு நாள் செலவழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

36 மி.மீ. சென்சார், 50 மி.மீ. லென்ஸ், நின்றுகொண்டிருக்கும் ஒருவரின் கண்ணுயரம் அல்லது உட்கார்ந்திருப்பவரின் கண்ணுயரம் என்று தொடங்குங்கள். மனிதர் ஒருவர் கேமராவோடு நிற்க முடியாத இடத்தில் கேமராவை வைக்காதீர்கள். பின்னணியை அளவுக்கு மீறி மங்கலாக்குவதும் வேண்டாம். குவிய ஆழம் குறையக் குறைய, காட்சி மினியேச்சர் மாதிரித் தெரியும். லென்ஸின் திறப்பு எஃப் 4 முதல் 5.6 வரை போதும்.

5. அசைவு: சாம்பல் நிறத்தில் மட்டும்

எல்லாப் பொருளுக்கும் ஒரே சாம்பல் நிறம் கொடுங்கள். பளபளப்பு இருந்தால் அசைவின் குறை மறைந்துவிடும். சாம்பல் நிறத்திலேயே எடை தெரிந்தால்தான் இந்தக் கட்டம் முடிந்தது.

முதலில் வீழ்ச்சியின் கணக்கு. காற்றில் விழும் பொருள் கடக்கும் தூரம், ஈர்ப்பு முடுக்கத்தில் பாதியை நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கியது. முடுக்கம் 9.8 என்று வைத்தால், வினாடிக்கு 24 ஃபிரேமில் டம்ளர் இறங்கியிருக்க வேண்டிய தூரம்:

1-ஆம் ஃபிரேம்: 0.85 செ.மீ.
2-ஆம் ஃபிரேம்: 3.4 செ.மீ.
3-ஆம் ஃபிரேம்: 7.7 செ.மீ.
4-ஆம் ஃபிரேம்: 13.6 செ.மீ.
6-ஆம் ஃபிரேம்: 30.6 செ.மீ.
8-ஆம் ஃபிரேம்: 54.4 செ.மீ.
9-ஆம் ஃபிரேம்: 68.9 செ.மீ.

75 செ.மீ. என்பது ஒன்பதரை ஃபிரேம்கூட இல்லை. இந்த எண்ணைப் பார்த்ததும் பலர் நம்பமாட்டார்கள். 20 ஃபிரேம், 25 ஃபிரேம் என்று இழுத்து வைப்பார்கள். உங்கள் வீடியோவை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் கூடுதலாக இறங்கும் தூரம் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் வளரும். எந்த உயரத்துக்கும் இதுவே போதும், ஒவ்வொரு முறையும் கால்குலேட்டர் தேவையில்லை.

அடுத்து வளைவுகள். பிளெண்டரில் இரண்டு கீ (பொருளின் நிலையைக் குறித்து வைக்கும் ஃபிரேம்கள்) வைத்தால் இடையில் பெசியர் வளைவு தானாக வரும். அது தொடக்கத்திலும் முடிவிலும் வேகத்தைக் குறைக்கும். விழும் பொருள் தரையை நெருங்கும்போது வேகம் குறைந்தால், யாரோ கையால் பிடித்து இறக்கி வைப்பதுபோல் இருக்கும். இந்த வளைவுகளைத் திருத்தும் கிராஃப் எடிட்டரில் இறங்கும் பகுதிக்கு குவாட்ராடிக், ஈஸ் இன் என்று தேர்ந்தெடுங்கள். துள்ளி ஏறும் பகுதிக்கு குவாட்ராடிக், ஈஸ் அவுட். இவை இரண்டும் சேர்ந்தால் சரியான பரவளையம் கிடைக்கும். தரையைத் தொடும் புள்ளியில் வளைவு கூர்மையான "வி"-யாக இருக்க வேண்டும், உருண்டையாக இருக்கக்கூடாது.

பக்கவாட்டு நகர்வு லீனியர். காற்றில் இருக்கும்வரை டம்ளரை முன்னே தள்ளவோ தடுக்கவோ எதுவும் இல்லை, அதனால் அந்த வேகம் மாறாது. சுழற்சியும் அப்படித்தான். விளிம்பைத் தாண்டும்போது கிடைத்த சுழற்சி, தரையைத் தொடும்வரை அதே வேகத்தில் தொடரும். மாற்றம் எல்லாம் மோதும் கணத்தில்தான் நடக்கும்.

அப்புறம் துள்ளல். ஒவ்வொரு மோதலிலும் வேகத்தில் பாதி மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். துள்ளும் உயரம் கால் பங்காகிவிடும்: 75, பிறகு 19, பிறகு 5 செ.மீ. காற்றில் இருக்கும் நேரம் பாதியாகும்: முதல் துள்ளலுக்கு 9 ஃபிரேம், அடுத்ததற்கு 5, அதற்கடுத்ததற்கு 2. இங்கேதான் அதிகம்பேர் சறுக்குகிறார்கள். உயரத்தைச் சரியாகக் குறைத்துவிட்டு, நேரத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். கடைசித் துள்ளல்கள் நிலவில் நடப்பதுபோல் மிதக்கின்றன. அனிமேஷன் "லேசாக இருக்கிறது", "எடை இல்லை" என்று யாராவது சொன்னால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

ஆனால் டம்ளர் பந்து இல்லை. மேற்கண்ட கணக்கு ஒரு சாரக்கட்டு மட்டுமே. விளிம்பின் ஒரு புள்ளி தரையில் அடிக்கும்போது உயரத்துக்குப் போக வேண்டிய ஆற்றலில் ஒரு பகுதி சுழற்சிக்குப் போகும். இரண்டாம் துள்ளல் முதலாவதைவிட வினோதமாக இருக்கும். உங்கள் வீடியோவில் எந்த மோதலில் சுழற்சி கூடியது, எதில் திசை மாறியது என்று குறித்து, அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் உருளும் பகுதி. டம்ளரின் வாய் அகலம், அடி குறுகல். பக்கவாட்டில் படுத்தால் அது நேர்கோட்டில் உருளாது, குறுகிய பக்கம் உள்ளே இருக்கும்படி வளைந்து உருளும். நேராக உருளும் டம்ளரைப் பார்த்தால் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் கண்ணுக்கு உறுத்தும். 7 செ.மீ. வாய் ஒரு முழுச் சுற்று சுற்றினால் வாய்ப்பக்கம் சுமார் 22 செ.மீ. நகர வேண்டும். அதைவிடக் குறைவாக நகர்ந்தால் இடத்திலேயே சுழல்கிறது, கூடுதலாக நகர்ந்தால் வழுக்குகிறது. நிற்கும் முன் ஒரு சிறிய முன்பின் ஆட்டம் வையுங்கள். திடீரென்று உறைந்து நிற்கும் பொருளுக்கு எடை இருப்பதாகத் தோன்றாது.

6. சிமுலேஷனைப் பயன்படுத்துவதானால்

கையால் ஒரு முறை செய்து பார்த்த பிறகு, திடப்பொருள்களின் அசைவையும் மோதலையும் கணினியே கணக்கிடும் ரிஜிட் பாடிக்குப் போங்கள். முதலிலேயே போனால், அது தருவது சரியா தவறா என்று உங்களுக்குத் தெரியாது.

மூன்று இடங்களில் தடுக்கும். முதலாவது பௌன்ஸினெஸ், அதாவது துள்ளும் தன்மை. இயல்பாக அது பூஜ்யம், மேலும் டம்ளரின் மதிப்பும் தரையின் மதிப்பும் ஒன்றோடொன்று பெருக்கப்படும். டம்ளருக்கு மட்டும் 0.7 கொடுத்துவிட்டு "துள்ளவே மாட்டேன் என்கிறது" என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் நிறைய. இரண்டுக்கும் 0.7 கொடுத்தால் பெருக்கல் 0.49, நாம் மேலே எடுத்துக்கொண்ட பாதி.

இரண்டாவது மோதல் மார்ஜின், அதாவது மோதலைக் கணக்கிடப் பொருளைச் சுற்றி விடும் இடைவெளி. அதன் இயல்பு மதிப்பு 4 செ.மீ. 10 செ.மீ. பொருளுக்கு இது மிகப் பெரியது. டம்ளர் தரைக்கு மேலே மிதப்பதும், ஓரம் மழுங்கியதுபோல் உருள்வதும் இதனால் வரலாம். மார்ஜினை இயக்கி 1 மில்லிமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். அப்படிக் குறைத்ததும் வேகமான பொருள் தரையைத் துளைத்துக்கொண்டு போகக்கூடும். ஒரு ஃபிரேமுக்கான சப்ஸ்டெப்பை (கணக்கீட்டுப் படிகளை) 10-இலிருந்து 40 அல்லது அதற்கு மேல் ஏற்றுங்கள்.

மூன்றாவது, முடிவை அப்படியே ஏற்றுக்கொள்வது. சிமுலேஷன் பிடித்த மாதிரி வந்ததும் அதைக் கீஃபிரேம்களாக பேக் செய்து (நிலையாகப் பதிந்து), கிராஃப் எடிட்டரில் திருத்துங்கள். முதல் இரண்டு மோதல்களைச் சிமுலேஷனிலிருந்தும், நின்றுபோகும் ஆட்டத்தைக் கையாலும் எடுப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. சிறு பொருள்கள் ஓயும் தருணத்தைச் சிமுலேஷன் அவ்வளவு நன்றாகச் செய்வதில்லை.

7. ஒளி: ஒன்று பெரிது, ஒன்று சிறிது

இன்னும் சாம்பல் நிறம்தான். ஒரு ஜன்னல் அளவில், சுமார் ஒரு மீட்டர் அகலத்தில் ஓர் ஏரியா லைட்டைப் பக்கத்தில் வையுங்கள். மீதி ஒளிக்கு ஓர் எச்டிஆர்ஐ படம் (ஓர் இடத்தின் ஒளியைச் சுற்றிலும் பதிவு செய்தது). பாலி ஹேவன் தளத்தில் சிசி0 உரிமத்தில் (நிபந்தனையின்றிப் பயன்படுத்தலாம்) இலவசமாகக் கிடைக்கும். வெளிப்புற வானம் வேண்டாம், அறைக்குள் எடுத்ததைத் தேடுங்கள்.

நிழலின் ஓரம் எவ்வளவு மிருதுவாக இருக்க வேண்டும் என்பதை விளக்கின் அளவுதான் முடிவு செய்கிறது. மிகச் சிறிய விளக்கு என்றால் வெட்டியதுபோன்ற நிழல். சூரியன்கூட நம் கண்ணுக்கு அரை டிகிரி அகலம் கொண்டது. புள்ளி விளக்கு இயற்கையில் அரிது. டம்ளர் தரையைத் தொடும் இடத்தில் நிழல் இருண்டு குறுகி, விலக விலக மங்க வேண்டும். விழும்போது நிழல் ஓடிவந்து டம்ளரைச் சந்திக்கும் அந்த அசைவுதான் உயரத்தைப் பார்வையாளருக்குச் சொல்கிறது.

இருட்டாகத் தெரிந்தால் இன்னொரு விளக்கு, இன்னும் இருட்டென்றால் மூன்றாவது என்று அடுக்குவது பொதுவான தவறு. நிழல்கள் மூன்று திசையில் போகும். விளக்கைத் தொடாமல் எக்ஸ்போஷரை ஏற்றுங்கள். கலர் மேனேஜ்மெண்டில் வியூ டிரான்ஸ்ஃபார்ம் (ஒளியின் அளவைத் திரை நிறமாக மாற்றும் முறை) ஏஜிஎக்ஸ் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்டாண்டர்டில் இருந்தால் உலோகத்தின் ஒளிப்புள்ளிகள் வெள்ளைத் திட்டாக வெட்டுப்பட்டுவிடும்.

8. மெட்டீரியல்

இப்போதுதான் நிறம். டம்ளருக்கு பிரின்சிபல்ட் ஷேடர் (மேற்பரப்பு ஒளியை எப்படிக் காட்டும் என்று அமைக்கும் கருவி), அதில் மெட்டாலிக் 1. பாதி உலோகம் என்று ஒன்று இல்லை. தூசியோ துருவோ படிந்த இடத்தின் ஓரங்களைத் தவிர அந்த மதிப்பு 0 அல்லது 1-ஆக இருக்கட்டும். ரஃப்னெஸ் (சொரசொரப்பு) 0.2 சுற்றி வையுங்கள், ஆனால் ஒரே எண்ணாக விடாதீர்கள். கைரேகை, காய்ந்த நீர்த்துளியின் தடம், கழுவித் தேய்த்த கீறல் எல்லாம் ரஃப்னெஸ் மேப்பில்தான் (இடத்துக்கு இடம் சொரசொரப்பைச் சொல்லும் படம்) வாழ்கின்றன. நிறத்தில் அழுக்கு வரைவதைவிட இது பல மடங்கு நம்பவைக்கும்.

அந்த மேப்பின் கலர் ஸ்பேஸை நான்-கலர் என்று மாற்ற மறக்காதீர்கள். மேடுபள்ளங்களைச் சொல்லும் நார்மல் மேப்புக்கும் அப்படியே. எஸ்ஆர்ஜிபி-யாக விட்டால் மதிப்புகள் திரிந்துவிடும், எங்கே தவறு என்று மணிக்கணக்கில் தேடுவீர்கள்.

தரைக்கும் சுவருக்கும் 1.0 வெள்ளை கொடுக்காதீர்கள். ஒளியைத் திருப்பி அனுப்பும் அளவு கரிக்குச் சுமார் 0.04, புதிய பனிக்குச் சுமார் 0.8, கிட்டத்தட்ட எல்லாப் பொருளும் இவற்றுக்கு இடையில்தான். 1.0 கொடுத்தால் அறைக்குள் ஒளி மங்காமல் எதிரொலித்துக்கொண்டே இருக்கும், நிழல்கள் வெளுத்துவிடும்.

டம்ளர் இன்னும் பிளாஸ்டிக்போல் தெரிகிறதா? ஷேடரை விட்டுவிட்டு அறையைப் பாருங்கள். உலோகம் தன் நிறத்தைச் சுற்றுப்புறத்திடம்தான் வாங்குகிறது. கேமராவுக்குப் பின்னால் ஓர் இருண்ட அலமாரி, ஒரு கதவு என்று எளிய பெட்டிகளை வைத்தாலே டம்ளரில் கோடுகள் ஓடத் தொடங்கும்.

9. ரெண்டர்

மோஷன் பிளரை (அசைவால் வரும் மங்கலை) இயக்கி, ஷட்டரை 0.5 என்று வையுங்கள். 24 ஃபிரேமில் அது 1/48 வினாடி. திரைப்படக் கேமராவில் நம் கண் பழகிய அளவு. பிளர் இல்லாமல் விழும் டம்ளர் படபடவென்று வெட்டித் தெரியும். சிமுலேஷனை பேக் செய்த பிறகே இதைச் செய்யுங்கள்.

பிளெண்டரின் சைக்கிள்ஸ் இயந்திரத்தில் ரெண்டர் செய்யும்போது சீடு (நாய்ஸின் அமைப்பைத் தீர்மானிக்கும் எண்) ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறட்டும். மாறாவிட்டால் நாய்ஸ் (படத்தில் வரும் புள்ளிப் புள்ளியான கறை) கண்ணாடியில் ஒட்டிய அழுக்குபோல் ஒரே இடத்தில் நிற்கும். அதை அகற்றும் டீநாய்ஸர் ஒற்றைப் படத்தில் அற்புதம் செய்யும், வீடியோவில் நிழல்களைக் கொதிக்கவைக்கும். நிழல் நெளிந்தால் சாம்பிளை (ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒளியைக் கணக்கிடும் எண்ணிக்கையை) ஏற்றுவதுதான் வழி.

நேராக எம்பி4 ஆக எடுக்காதீர்கள். ஓபன்இஎக்ஸ்ஆர் அல்லது பிஎன்ஜி படங்களாக எடுங்கள். 80-ஆவது ஃபிரேமில் கணினி நின்றுபோனால், அங்கிருந்தே தொடரலாம். ஒரு ஃபிரேமுக்கு 2 நிமிடம் என்றாலும் 96 ஃபிரேமுக்கு 3 மணி 12 நிமிடம். அதனால் முதலில் பத்து ஃபிரேமுக்கு ஒன்று என்று எடுத்துப் பார்த்துவிட்டு முழுதும் ஓடவிடுங்கள்.

ஒலியையும் சேர்த்துவிடுங்கள், நீங்கள் எடுத்த வீடியோவிலேயே இருக்கிறது. மோதும் ஃபிரேமிலேயே ஒலி தொடங்கட்டும். 3 மீட்டர் தூரத்துக்கு ஒலி வர 9 மில்லி வினாடிதான், ஒரு ஃபிரேமில் கால் பங்குகூட இல்லை.

10. சரிபார்க்கும் முறை

நிஜ வீடியோவையும் உங்கள் ரெண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓடவிடுங்கள். முதல் முறை இரண்டையும் மிகச் சிறிதாக்கிப் பாருங்கள். அசைவின் குறை மட்டும் தெரியும். அடுத்து கறுப்பு வெள்ளையில் பாருங்கள், ஒளியின் குறை தெரியும். முழு அளவில், முழு நிறத்தில் பார்ப்பது கடைசியில்.

குறைகளை எழுதி, இதே வழிகாட்டியின் வரிசையில் திருத்துங்கள். அசைவில் ஒன்றும் ரஃப்னெஸில் ஒன்றும் இருந்தால் அசைவு முதலில். அதைத் திருத்தியதும் ரஃப்னெஸ் குறையாகவே தெரியாமல் போவதும் உண்டு.

எல்லாம் முடிந்த பிறகு, அதே காட்சியில் டம்ளரைப் பிளாஸ்டிக்காக மாற்றிப் பாருங்கள். மெட்டாலிக்கை 0 ஆக்குங்கள், ஒரு பிளாஸ்டிக் டம்ளரைத் தள்ளிவிட்டுப் புதிதாக வீடியோ எடுங்கள், மோதலுக்குப் பின் வரும் கீஃபிரேம்களை மட்டும் அழித்து மறுபடி வையுங்கள். விழும் அந்த 9 ஃபிரேமைத் தொட வேண்டாம். ஸ்டீலும் பிளாஸ்டிக்கும் தரைக்கு வந்துசேர எடுப்பது கிட்டத்தட்ட அதே நேரம்தான்.